எனக்குக் கிடைத்த மிக நல்ல கிளையண்ட்

போன மாதம் வேங்கிக்காலில், கூலிக்கு எழுதுகிற நீங்கள் எல்லோரும் கூடியிருந்த அன்று, பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து என்னிடம் கேட்டார்: "மேடம், தொல்லை புடிச்ச கிளையண்ட்டை ஆரம்பத்துலயே எப்படிக் கண்டுபுடிச்சுக் கழட்டி விடுறது?" எல்லோரும் சிரித்தீர்கள். நல்ல கேள்விதான். இந்த ஊரில் லாட்ஜ் விளம்பரத்திலிருந்து அஞ்சலி நோட்டீஸ் வரை கூலிக்கு எழுதியே குடும்பம் நடத்தியவள் நான். பதில் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று எதையோ சொல்லி மழுப்பினேன். சாப்பாடு ஆறுகிறது, அப்புறம் பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் பேச எழுவதற்கு முன்னால், நீங்கள் அண்மையில் எழுதிக் கொடுத்த வேலைகளை ஒரு மேஜையில் பரப்பி வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். அதில் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எது என்று கடைசியில் சொல்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன் என்றாலும், இதை மட்டும் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் ஒரு பட்டியல் இருப்பது எனக்குத் தெரியும். 'சின்ன வேலைதான், அரை மணி நேரம் ஆகும்' என்று ஆரம்பிப்பவர். முன்னால் எழுதினவரைத் திட்டிக்கொண்டே உள்ளே வருபவர். விடிவதற்குள் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புபவர். எழுதினது நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது என்று சொல்லிவிட்டு, எது குறைகிறது என்று சொல்லாதவர். இவர்களைக் கண்டால் ஓட வேண்டும் என்று பேசிக்கொள்கிறீர்கள். தாராளமாக ஓடுங்கள். ஆனால் இவர்களால் உங்களுக்குத் தலைவலி வரும், அவ்வளவுதான். தைலம் தடவினால் போய்விடும்.

கத்துகிற ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ் முதலாளி இருந்தார். போனை எடுத்தாலே கத்தல்தான். நான் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் பேசுவேன். "வெந்நீர் வருதுனு போடச் சொன்னேனே, இன்னா எழுதி வச்சிருக்கே நீ?" என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டார். நான் நேரில் போனேன். மனிதர் கத்திக்கொண்டே ஒவ்வொரு ரூமாகத் திறந்து காட்டினார். ஒழுகும் குழாயைக் காட்டினார். மேல் மாடிக்கு வெந்நீர் ஏறாததையும் அவரே காட்டிவிட்டு, அதற்கும் பிளம்பரைத் திட்டினார். கீழ் மாடி அறைகளில் காலையில் வெந்நீர் உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "இது சரி" என்று கத்தினார். அவரோடு பல வருஷம் வேலை செய்தேன். அவர் எதையும் என்னிடம் மறைத்ததே இல்லை.

எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு பிரஸ்காரரிடமிருந்து வந்தது. கல்யாணமான புதிதில் அவருடைய அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று யார் வந்தாலும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். செத்துப்போனவரைப் போய்ப் பார்த்து என்ன ஆகப் போகிறது? பெயர், ஊர், வயசு தெரிந்தால் போதாதா?

ஒரு நாள் ஒருவர் வந்து தன் பெரியப்பாவுக்கு நோட்டீஸ் வேண்டும் என்றார். தேதி போடும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார். வழக்கம்போல என்னைத் துரத்திவிட்டார் பிரஸ்காரர். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தால், பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். யாரும்மா நீ என்று கேட்டார். பிரஸ்லேர்ந்து வர்றேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "தீபம் சமயம்னா பிரஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்னு முன்னாடியே சொல்லி வச்சிட்டானா? சரி, எந்த போட்டோவைக் குடுத்திருக்கான்?" என்றார். நான் காட்டினேன். அது வேண்டாம் என்று, பெட்டியைத் திறக்கச் சொல்லி, அங்கவஸ்திரம் போட்ட ஒரு போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் போட்டோ எங்கள் அச்சகத்தில் வருஷக் கணக்காகக் காத்துக் கிடந்தது. மனிதர் அத்தனை காலம் திடமாக இருந்தார்.

அன்றிலிருந்து நான் யாரைப் பற்றி எழுதினாலும் அந்த ஆளை ஒரு தடவையாவது பார்த்துவிடுவேன். பெரிய கொள்கை என்றெல்லாம் நினைக்காதீர்கள். அந்தக் கஞ்சி டம்ளர் மனதை விட்டுப் போகவில்லை, அதுதான் விஷயம்.

இனி நல்ல கிளையண்ட்டுக்கு வருகிறேன்.

அவரை எண்ணெய்க்காரர் என்றே சொல்கிறேன். கிரிவலம் போகிறவர்கள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வருகிறார்கள். முடிக்கும்போது பாதம் வெந்துபோயிருக்கும், குதிகால் கெஞ்சும். அந்தக் கால்களுக்கு மூலிகை எண்ணெய் காய்ச்சி விற்றவர் இவர். நல்ல எண்ணெய். நானே தடவியிருக்கிறேன், என் வீட்டுக்காரருக்கும் முழங்காலுக்குத் தேய்த்துவிட்டிருக்கிறேன். பாட்டில் மேல் ஒட்டும் வாசகத்திலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொடுக்கும் நோட்டீஸ் வரை எல்லாம் என்னிடம்தான் வந்தது.

இப்படி ஒரு கிளையண்ட் உங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்று துவா செய்வேன், அவ்வளவு நல்ல மனிதர். பேச்சில் 'மேடம்' போடாமல் ஒரு வாக்கியம் இருக்காது. ஒரு சொல்லை மாற்றச் சொன்னதில்லை. சொன்ன நாளில் கூலி வந்துவிடும். ரம்ஜானுக்கு முதல் வாழ்த்து அவரிடமிருந்துதான் வரும். நான் எழுதிக்கொண்டிருந்த மற்ற லாட்ஜ் வேலைகளில் பாதி அவர் சொல்லி வந்தவை. உங்கள் பட்டியலில் எங்கேயும் அவர் வர மாட்டார்.

ஒரு வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை நோட்டீஸ் இல்லை, சின்னப் புத்தகமாகவே போட வேண்டும் என்றார். எண்ணெயால் பலன் அடைந்தவர்கள் தங்கள் வாயால் சொல்வது போல. கால் அசதி மட்டும் இல்லை, சர்க்கரைப் புண்ணும் ஆறுகிறது என்று ஜனங்கள் சொல்கிறார்களாம். எல்லோரையும் போனில் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார். கேட்டு, அழகாக எழுதிக் கொடுத்தால் போதும். அச்சகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது, பௌர்ணமிக்குக் கைக்கு வர வேண்டும்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்த எண்ணெய் மேல் உண்மையாகவே நம்பிக்கை இருந்தது.

மறுநாள் சமையல் செய்துகொண்டே பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். நிறையப் பேர் வழக்கமான பேச்சுத்தான் பேசினார்கள். ஒரே ஒரு குரல் தனியாகத் தெரிந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக மோர்க் கடை வைத்திருக்கும் சரோஜா என்ற அம்மா. மகளுக்குக் குழந்தை பிறந்தால் செருப்புப் போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டவராம், பேரன் பிறந்து பள்ளிக்கூடமும் போகிறான், இந்த அம்மா இன்னும் வெறுங்காலோடுதான் நடக்கிறார். "முன்னெல்லாம் ராத்திரியானா காலு நெருப்பு வச்சாப்புல எரியுங்க. தூக்கமே கெடயாது. அந்த அண்ணன் குடுத்த எண்ணெயத் தடவ ஆரம்பிச்சேன், கொஞ்சங் கொஞ்சமா எரிச்சல் போச்சு. இப்போ சுத்தமா வலியே தெரியல. வெயில்ல தார் ரோட்டுல நிக்கிறேன், சுடவே மாட்டேங்குது."

எழுத்துக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் பக்கம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தலைப்பைக்கூட மனதுக்குள் யோசித்துவிட்டேன்.

முன் அறையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை செய்தவர், சர்க்கரை வந்து பல வருஷம் ஆனவர். அந்தப் பதிவை இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தம்மாவை ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார்.

"ஏன், நல்லாயிடுச்சுனுதானே சொல்றாங்க?"

"சித்திரை வெயில்ல தார் ரோடு சுடலைன்னா அது நல்லாயிடுச்சுனு அர்த்தமா? கால் செத்துப் போச்சுன்னு அர்த்தம். எனக்கு எரிச்சல் நின்னப்போ நானும் உன்கிட்ட இதேதான் சொன்னேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவருக்கு அப்படி எரிச்சல் நின்று, நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டு, பிறகு ஒரு நாள் சூடான பைக் சைலன்ஸர் மேல் கட்டை விரல் பட்டுத் தோல் உரிந்தது கூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்தார். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் நைலான் நூலால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டபோது, இவர் பேசாமல் படுத்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவும் தெரிந்த எனக்கு, அடுப்படியில் நின்று கேட்டபோது முதல் பக்கம்தான் தோன்றியது. எழுத்து வேலை மனுஷியை அப்படி ஆக்கிவிடும், ஜாக்கிரதையாக இருங்கள்.

எண்ணெய்க்காரருக்குப் போன் செய்து, சரோஜாம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். வழக்கமாக எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்பவர், அன்று கொஞ்சம் தயங்கினார். உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், வெயில் கொளுத்துது, பதிவுல எல்லாம் இருக்கே என்றார். இன்னும் ஏதாவது வேண்டுமென்றால் அவரே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.

கடையைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. தகரக் கூரைக்கு மேல் பெரிய பிளெக்ஸ். அதில் எண்ணெய் பாட்டிலைக் கையில் பிடித்தபடி சரோஜாம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மோர்ப் பானைக்குப் பின்னால் அதே முகம். நான் யார் என்று சொன்னதும், "பாயம்மா, நீங்கதான் என்னைப் பத்தி எழுதப் போறீங்களா?" என்று பூரித்துப்போனார். உட்காரச் சொல்லி, கொத்தமல்லி தூக்கலாகப் போட்டு ஒரு மோர் கொடுத்தார். கூரைத் தகரத்தை எண்ணெய்க்காரர்தான் போன மழைக்கு மாற்றிக் கொடுத்தாராம். அவர் இல்லையென்றால் நான் ஏது என்றார்.

காலைக் காட்டச் சொன்னேன். இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தார். சுண்டு விரலுக்கு அடியில் புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் கறுத்து, எண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. கொஞ்சமாகத்தான் இருக்கிறது, ஆறிக்கொண்டு வருகிறது என்றார். சர்க்கரை மாத்திரை போடுகிறாராம். புண்ணுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போவதைத்தான் நிறுத்திவிட்டார்.

வலது காலையும் பார்த்தேன். குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. தொட்டுப் பார்த்தால், கருவேல முள். முறிந்து உள்ளே இருந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது.

"இது எப்போ குத்துச்சு?"

"எது?"

நான் ஊக்கு முனையால் நெம்பி எடுத்தேன். விரல் கணு அளவு முள். அவர் பாதத்தைப் பார்க்காமல், ரோட்டில் போகும் ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, போன பௌர்ணமிக்கு வியாபாரம் கம்மி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முள்ளை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் எடுத்தீங்களா? எனக்குத் தெரியவே இல்லியே."

கொஞ்ச நேரம் அந்த முள்ளையே புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "பயமா இருக்கு பாயம்மா."

அங்கிருந்தே எண்ணெய்க்காரருக்குப் போன் செய்தேன். பைக்கில் உடனே வந்துவிட்டார். நான் காலைக் காட்டினேன், முள்ளைக் காட்டினேன், என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நிஜமாகவே வாடியது, நடிப்பு இல்லை. குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே இருந்த பிளெக்ஸையும் ஒரு தரம் பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்றது சரிதான். பௌர்ணமி முடியட்டும். நானே கார் வச்சு, பெரிய டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்."

எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். கத்தல் இல்லை, மறுப்பு இல்லை, செலவையும் அவரே ஏற்றுக்கொள்கிறார். பௌர்ணமிக்குச் சில நாள்தான் இருந்தது. சரோஜாம்மாவும் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் பாயம்மா, சித்ரா பௌர்ணமி வியாபாரத்தை விட்டால் வருஷம் பூரா கஷ்டம், அது முடியட்டும் என்றார். கால் நல்லாயிடுச்சு என்று ஊர் பூரா சொல்லிவிட்டு இப்போது கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிக்க மாட்டார்களா என்றும் கேட்டார். இரண்டு பேரும் சம்மதம். நான் ஒருத்திதான் நடுவில் நின்றேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளையண்ட்டைத் தவிர்ப்பது அந்த நிமிஷத்தில் எனக்கு மிகவும் சுலபம். வேலை வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறியிருக்கலாம். என் பெயர் கெட்டிருக்காது, கை சுத்தமாக இருந்திருக்கும். நீங்கள் பேசிக்கொள்ளும் யோசனைகள் எல்லாம் அதோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் நான் போன பிறகு அந்த அம்மா என்ன ஆவார்? அதே பானைக்குப் பின்னால், அதே காலோடு, பௌர்ணமிக் கூட்டத்துக்கு விடிய விடிய நிற்பார். அந்தப் பாதத்துக்கு அத்தனை நாள் அவகாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. 'முடியட்டும்' என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவருக்கு அது தன் கால் இல்லை, இன்னொருவருக்கு அந்தக் கால் இருப்பதே தெரியவில்லை.

எண்ணெய்க்காரரிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது. சரோஜாம்மாவிடம் திரும்பினேன். நாளைக்குக் காலையில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களா? மோர் விக்கறதா?"

"ஏன், எங்க வீட்டுல மோரே கலக்க மாட்டோமா?"

"பௌர்ணமி அன்னைக்குமா?"

"அன்னைக்கும்தான். கணக்குக்கு எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேன். எனக்குக் கணக்கு வராது."

அப்போ புத்தகம் என்ன ஆகும் மேடம் என்று கேட்டார் எண்ணெய்க்காரர். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்களோ அதையும் சேர்த்து எழுதுகிறேன், சம்மதமா என்றேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செங்கத்திலிருந்து மகள் வந்து சரோஜாம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பார்த்த அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாதம் தப்பியது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். நான் கடையில் நின்றபடி கேட்டேன். எனக்கும் அழுகை வந்தது. எதிரே ஒருவர் மோர் கேட்டுக்கொண்டு நின்றதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தேன்.

சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலமே கூட்டம் நெட்டித் தள்ளியது. என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டு, நான் உப்பு ஜாஸ்தி போட்டுவிட்டதாக வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேல் சரோஜாம்மா பாட்டிலோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஒரு காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். கணவர் பிளெக்ஸைக் காட்டி, "இந்த எண்ணெய் புண்ணுக்குக் கேக்குமா?" என்றார்.

"நடந்த அசதிக்கு நல்லா கேக்கும், நானே தடவுறேன். புண்ணு இருந்தா தடவாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் படத்துல இருக்கிறவங்க இப்போ அங்கதான் இருக்காங்க."

அந்தப் பெண் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்காரர் பக்கத்தில் நிற்கிறார். கேட்டுவிட்டார். பெட்டியை இறக்கி வைத்தார். கோபமே இல்லாமல், "உங்களை நான் எவ்வளவு மரியாதையா வச்சிருந்தேன் மேடம்" என்றார். உண்மைதான், மரியாதையாகத்தான் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வேலை வரவில்லை. அவர் சொல்லி வந்த லாட்ஜ் வேலைகளும் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச காலம் சிரமப்பட்டோம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ரம்ஜான் வாழ்த்து மட்டும் தவறாமல் வருகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தொல்லை பிடித்த கிளையண்ட் யார் என்று குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்த ஆளைப் பார்க்க விடுகிறாரா, அதைப் பாருங்கள். வீட்டைத் திறந்து காட்டிவிட்டுக் கத்துகிறவரிடம் தைரியமாக வேலை செய்யுங்கள். உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று இனிக்க இனிக்கச் சொல்லி வாசலிலேயே நிறுத்துகிறவரிடம், அப்படியானால் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்போது அந்தப் புத்தகம். வேங்கிக்காலில் உங்கள் மேஜையில் நான் பார்த்தது எண்ணெய்க்காரர் போட்டிருக்கும் புத்தகம்தான். புதிதாக, வழவழப்பான தாளில். முதல் பக்கத்தில் சரோஜாம்மாவின் பழைய போட்டோ. 'தகிக்கும் தார்ச்சாலையில் நின்றாலும் என் பாதங்கள் சுடுவதில்லை, வலி என்பதையே மறந்துவிட்டேன்' என்று ஆரம்பிக்கிறது. அதே பதிவை யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறது, என்னைவிட நன்றாகவே. உங்களில் யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லோர் முன்னாலும் ஒருவர் தலை குனிய வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளை பதிவைக் கேட்டுத்தானே எழுதியிருக்கும்? அடுப்படியில் நின்று கேட்டபோது நானும் அதையேதான் எழுத இருந்தேன்.

புத்தகத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மன்னியுங்கள். மறுநாள் காலையில் அடி அண்ணாமலைக்குப் போனேன். சரோஜாம்மா இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாமியிடம் சொல்லிவிட்டாராம், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையாம். சரோஜாம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

பாதி வரை சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் சொன்னதுதான் பாயம்மா. ஆனா அப்போ சொன்னது." கொஞ்ச நேரம் பானையில் மத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "இதைப் படிச்சிட்டு என்னை மாதிரி ஒருத்தி வீட்டோட இருந்துட்டா?"

நான் புத்தகத்தை மூடினேன். அவரே பேசினார்.

"இதை எழுதினவங்களை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க. திட்ட மாட்டேன். மோர் குடுத்து, காலைக் காட்டுறேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டேன். கடை அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தகரக் கூரை. பௌர்ணமி தவிர எந்த நாளும் கூட்டம் இருக்காது.